க்ளட்ச் ப்ளேட் உண்மையிலேயே போய்விட்டதா? வண்டியை விடுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்

"ப்ளேட் ஹோகிதே சார், செட்டே மாத்திடலாம்." பெங்களூரில் கியர் வண்டி வைத்திருப்பவர் காதில் இது ஒருநாள் விழாமல் போகாது. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்துவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்வார், நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்விடுவோம். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி, ஹெப்பால் என்று முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவிலேயே நாளெல்லாம் ஊர்கிற ஊரில் க்ளட்ச் சீக்கிரம் தேய்வது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் க்ளட்ச் தகராறு எல்லாமே ப்ளேட் தகராறு இல்லை. கேபிள் நட்டைக் கொஞ்சம் திருகினால் தீர்கிற விஷயத்துக்காக கியர்பாக்ஸை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். செலவில் பெரிய பங்கு அந்த இறக்கி ஏற்றும் கூலிதான், அதனால் இறக்குவதற்கு முன்பே எது கெட்டது என்று ஓரளவு தெரிந்துகொண்டு போவது நல்லது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஒரு டார்ச்சும் பெடல் மிதிக்க வீட்டில் இன்னொருவரும் போதும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். எஞ்சின் பக்கம் அதோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம், அதை ஒட்டி க்ளட்ச் ப்ளேட், அதன் மேல் ப்ரஷர் ப்ளேட். பெடலிலிருந்து காலை எடுத்தால் ப்ரஷர் ப்ளேட்டின் ஸ்ப்ரிங் க்ளட்ச் ப்ளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கி அழுத்தும், எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்ப்ரிங்கின் விரல்களை அமுக்கும், பிடி விட்டுப்போகும். ஆக, கெடுவதற்கு முக்கியமாக இரண்டே வழி. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுப்பது இன்னொன்று. இரண்டும் நேர் எதிரான வியாதிகள். "க்ளட்ச் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லி வண்டியை விடுவதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

வழுக்குகிறதா?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. வழுக்கலின் அடையாளம் இதுதான். முதல் கியரில் இது தெரியவே தெரியாது, நான்காவது ஐந்தாவது கியரில், அதுவும் ஏற்றத்தில் ஆள் நிறைய இருக்கும்போதுதான் முதலில் தலைகாட்டும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, பின்னால் வந்த லாரி நெருங்கிவிட்டது என்றால் வேறு சாட்சியே வேண்டாம். டர்போ டீசல் வண்டியாக இருந்தால் டர்போ பிடித்து இழுக்க ஆரம்பிக்கும் அந்த நொடியில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஊருக்குள்ளேயே சோதிக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் காலியான நேர் ரோடாகப் பாருங்கள். எஞ்சின் சூடானதும் நான்காவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்குங்கள். நல்ல க்ளட்ச் என்றால் முனகிக்கொண்டு மெதுவாக ஏறும், ஆர்.பி.எம்.மும் வேகமும் கைகோத்துக்கொண்டு போகும். வழுக்குகிற க்ளட்ச் என்றால் ஆர்.பி.எம். மட்டும் குபீரென்று ஓடிவிடும். முள் இல்லாத அடிப்படை மாடல் என்றால் காதே போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆர்.பி.எம்.மும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் அது க்ளட்ச் இல்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்று வேறு பக்கம் தேட வேண்டும். "வண்டி இழுக்கவில்லை" என்ற ஒரே புகாருக்கு எஞ்சின் வேலையும் நடக்கும், க்ளட்ச் வேலையும் நடக்கும், எது நடக்கும் என்பது நீங்கள் எதிரில் நிற்கும் கடையைப் பொறுத்தது.

நின்ற இடத்திலேயே செய்கிற சோதனை ஒன்றும் உண்டு. ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, முன்னால் யாரும் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கால் பிரேக் பக்கம் தயாராக இருக்க, நான்காவது கியர் போட்டு, எஞ்சினை 2000 ஆர்.பி.எம். அளவுக்கு வைத்து க்ளட்சை விடுவது. எஞ்சின் உடனே நின்றால் பிடி இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல், உடனே க்ளட்சை மிதித்துவிடுங்கள். இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகக்கூட வேண்டாம், ஒவ்வொரு முறையும் ப்ளேட்டைக் கொஞ்சம் சுடுகிறீர்கள். எனக்கு ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற முறைதான் பிடிக்கும்.

வழுக்கல் என்று தெரிந்ததும் ப்ளேட்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் கீழே குனிந்து மேட்டைப் பாருங்கள். தடியான ரப்பர் மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்வதும், பெடலை மேலே முழுக்க வரவிடாமல் தடுப்பதும் நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. அடுத்து, பெடல் ஒரு கம்பியால் க்ளட்சை இழுக்கிற கேபிள் வண்டியாக இருந்தால் பெடலின் ஃப்ரீ ப்ளே. விரலால் பெடலை மெல்ல அமுக்கினால் கனம் தட்டுவதற்கு முன் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், சரியான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அந்தத் தூரமே இல்லை, தொட்டதும் கனம் தட்டுகிறது என்றால் கேபிள் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எந்நேரமும் பாதி மிதித்தபடி ஓட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நட்டைத் தளர்த்தினால் வழுக்கல் நின்றுவிடுவதும் உண்டு, ரொம்ப நாள் அப்படியே ஓட்டியிருந்தால் ப்ளேட்டும் கரைந்திருக்கும். தானாக அட்ஜஸ்ட் ஆகிற கேபிள் என்றால் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, எண்ணெய். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரப்பசை தெரியும். எஞ்சின் பின்பக்க சீல் கசிந்தாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்தாலும் எண்ணெய் ப்ளேட்டுக்குப் போய்விடும். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி தூக்கலாக இருக்கும், எஞ்சின் ஆயிலுக்கு அப்படி இருக்காது. எண்ணெய் குடித்த ப்ளேட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும், ஆனால் சீலை விட்டுவிட்டு ப்ளேட்டை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும்.

கருகல் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து ஏறும் செங்குத்துச் சாய்வில், முன்னால் ஒரு வண்டி நிற்க, நீங்கள் ஹாஃப் க்ளட்சிலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தப் புது க்ளட்சும் நாறும். அரை மணி நேரம் ஆறவிட்டு ஓட்டிப் பாருங்கள், வழுக்கல் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். சும்மா நேர் ரோட்டில் போகும்போதே அந்த நெடி வந்தால்தான் விஷயம் முற்றிவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் ஹாஃப் க்ளட்ச் சொல்லிக்கொடுப்பார்கள், சாய்வில் ஹேண்ட் பிரேக் போட்டு நிற்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

விடாமல் இழுக்கிறதா?

கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, க்ளட்சை முழுக்க மிதித்திருந்தும் முதல் கியரில் சமதரையில் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. இதெல்லாம் இழுவை.

சோதனை சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் க்ளட்ச் பிடியை விடவில்லை. அணைத்திருந்தும் விழவில்லை என்றால் கியர் லீவர் கேபிளோ லிங்கேஜோ கியர்பாக்ஸோ, க்ளட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். அப்புறம் ரிவர்ஸ். ஐட்லிங்கில் க்ளட்சைத் தரை வரை மிதித்து, நான்கைந்து நொடி பொறுத்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமன் செய்யும் வளையம்) கிடையாது, உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தால் உடனே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். பொறுத்துப் போட்டும் அரைத்தால் இழுவைதான். ஒரே ஒரு கியர், உதாரணமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் அரைத்தால் அது அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்மானம், க்ளட்ச் செட் மாற்றினாலும் போகாது.

இழுவையில் நல்ல செய்தி, பெரும்பாலும் கெட்டது வெளியே இருக்கும் சாமான்தான். அதற்கு உங்கள் வண்டி கேபிளா, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா என்று தெரிய வேண்டும். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் கேபிள். மற்றதற்கு மேனுவலைப் பாருங்கள், இல்லை பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் மேல் இருக்கும் லீவரை இழுப்பது கம்பியா, ரப்பர் குழாய் வந்து சேரும் சிலிண்டரா என்று பாருங்கள்.

கேபிள் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டில் ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி நீங்கள் கியர்பாக்ஸ் லீவர் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பெடல் முழுக்கப் போயும் லீவர் கொஞ்சம்தான் அசைகிறது என்றால் கேபிள் நீண்டுவிட்டது, அல்லது அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்துவிட்டது. கேபிள் நுனியை, அது லீவரில் மாட்டும் இடத்தை, கிட்டத்தில் பாருங்கள். முறுக்கிய கம்பி இழைகளில் ஒன்றிரண்டு பிய்ந்து துருத்திக்கொண்டு நின்றால் மிச்சமும் அறுபடப்போகிறது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கேபிள் என்பது செட்டோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. வெளிவட்டச் சாலை நடுவில் அறுந்தால் செலவு சில்லறையாக இருக்காது.

ஹைட்ராலிக் என்றால் முதலில் திரவத்தின் அளவு. பல கார்களில் க்ளட்சுக்குத் தனி டப்பா கிடையாது, பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டிலிருந்தே ஒரு மெல்லிய குழாய் க்ளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும். அந்தக் குழாய் வேண்டுமென்றே உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும், க்ளட்ச் பக்கம் கசிந்து திரவம் இறங்கினாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. அளவு அந்த மட்டத்துக்கு இறங்கி பெடலும் தொளதொளவென்று இருந்தால் கசிவைத் தேடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, பெடலின் தண்டு சுவரைத் துளைத்து உள்ளே போகும் இடத்தில் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், நனைந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. அடுத்து கியர்பாக்ஸ் பக்கம், அந்த லீவரைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அதுதான் ஆள். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும். அது கசிந்தால் மட்டும் வேறு வழியில்லை, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

பெடலை ஐந்தாறு முறை பம்ப் அடித்தால் கியர் சுலபமாக விழுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி பழைய கதை என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. ப்ளீட் பண்ண வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், திரவத்தையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது, அது காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், நாளாக ஆகக் கருத்துப்போகும். டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் உப்பி, பிரேக்கும் சேர்ந்து போகும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு இழுவை, மழைக்காலத்து இழுவை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் வெள்ளம் வந்தபோது பேஸ்மென்ட்டில் மூழ்கிக் கிடந்த வண்டிகளைப் போலத் தண்ணீர் பார்த்த வண்டியோ, ஈரத்தில் பல வாரம் எடுக்காமல் நிறுத்திய வண்டியோ என்றால் ப்ளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பெடல் சாதாரணமாகவே இருக்கும், கியர் மட்டும் எஞ்சின் ஓடும்போது விழவே விழாது. லேசாக ஒட்டியிருந்தால் எஞ்சின் சூடானபின் தானாக விடுபடலாம். நாள்பட்டிருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை இதற்காகக்கூட ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் க்ளட்ச் செலவு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

பெடல் உயரத்தில் பிடித்தால்?

"மேலே வந்துதான் பிடிக்குது, ப்ளேட் முடிஞ்சுது" என்பது எல்லாரும் சொல்கிற கணக்கு. தானாக அட்ஜஸ்ட் ஆகாத கேபிள் வண்டிக்கு அது சரி, ப்ளேட் தேயத் தேய ஃப்ரீ ப்ளே குறைந்து பிடிக்கும் இடம் மேலே ஏறும். ஹைட்ராலிக்கில் தேய்மானத்தைச் சிலிண்டரே சரிக்கட்டிக்கொள்ளும், பிடிக்கும் இடம் அவ்வளவாக மாறாது. அதனால் ஹைட்ராலிக் வண்டியில் பெடல் உயரத்தை மட்டும் வைத்து ப்ளேட்டுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது, ரோட்டில் வழுக்கினால்தான் கணக்கு. தரைக்கு ரொம்பப் பக்கத்தில் பிடிப்பது வேறு, அது மேலே சொன்ன காற்று, கசிவு, நீண்ட கேபிள் வகை.

பெடல் கல்லாக இறுகிவிட்டது என்றால் கேபிள் உறைக்குள் துரு, இல்லை ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது, இல்லை ப்ரஷர் ப்ளேட் விரல்கள் தேய்ந்துவிட்டன. புது கேபிள் போட்டும் இறுக்கம் போகவில்லை என்றால் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தமும் உதறலும்

சத்தத்துக்கு ஓடுகிற எஞ்சின், நியூட்ரல், அமைதியான இடம் போதும். பெடலை மிதிக்கும்போது சர்ரென்ற சத்தம் வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். நேர்மாறாக, பெடலை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் அமைதி என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு க்ளட்ச் செட் போட்டுவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறது என்று சண்டை போட்டவர்கள் உண்டு. எஞ்சின் அணைத்திருக்கும்போதும் பெடல் கீச்சிட்டால் பெடல் புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

கிளப்பும்போது வண்டி உதறுவதற்கு எண்ணெய் பட்ட ப்ளேட், சூட்டில் திட்டுத் திட்டாகக் கருத்த ஃப்ளைவீல், தளர்ந்த ப்ளேட் ஸ்ப்ரிங் எல்லாம் காரணம். ஆனால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே உதறல் வரும், அது க்ளட்சைவிட மலிவு. பானெட்டைத் திறந்து வைத்து, ஓட்டுபவர் கால் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடித்தபடி முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் க்ளட்சை மெல்லப் பிடிக்கும் வரை மட்டும் விட, நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. எஞ்சின் எகிறிக் குதித்தால் முதலில் மவுன்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, வழுக்கல்தான், ப்ளேட்தான். அப்போது மெக்கானிக்கிடம் "க்ளட்ச் சரியில்லை அண்ணா" என்று சொல்லாமல், "நாலாவது கியரில் ஏற்றத்தில் வழுக்குது, ஃப்ரீ ப்ளே இருக்கு, அடியில் எண்ணெய் இல்லை" என்று சொல்லுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். கழற்றிய பிறகு கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். ப்ளேட்டின் ரிவெட் தலைகள் லைனிங் (உராய்ந்து தேயும் மேல்பூச்சு) மட்டத்துக்கு வந்துவிட்டதா, ப்ரஷர் ப்ளேட் விரல்களின் நுனி பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, ஃப்ளைவீல் முகத்தில் நீலக் கறையோ நுண்ணிய வெடிப்போ இருக்கிறதா. உள்ளே இருக்கும் தூளைக் கம்ப்ரெஸ்ஸர் காற்றால் ஊதும்போது பக்கத்தில் நிற்காதீர்கள், மூச்சுக்கு நல்லதல்ல.

ப்ளேட், ப்ரஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இங்கே மிச்சம் பிடிப்பது வீண், ஐந்தாறு மாதத்தில் பேரிங் கத்தினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் என்றால் அதுவும். பின்பக்க சீலில் ஈரம் தெரிந்தால் அதுவும். சில டீசல் வண்டிகளில் நடுவில் ஸ்ப்ரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்த இரட்டை ஃப்ளைவீல் (டூயல் மாஸ் ஃப்ளைவீல்) இருக்கும், அதைச் சாதாரண ஃப்ளைவீல் மாதிரி கடைசல் பிடிக்க முடியாது, ஆட்டம் அதிகமாக இருந்தால் மாற்றுவதுதான், பில்லைப் பெரிதாக்குவதும் அதுதான், அதனால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமானை நீங்களே உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் வாங்கிக்கொடுப்பதாக இருந்தால் வேலியோ, லூக், எக்ஸெடி என்று கம்பெனிப் பெயரை மட்டும் பார்க்காமல் உங்கள் வண்டியின் மாடல், வருடம், எஞ்சின் மூன்றுக்கும் பார்ட் நம்பர் பொருந்துகிறதா என்று பாருங்கள், பில்லும் வாங்குங்கள். பழைய சாமானைத் திருப்பிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

வண்டி தயாரானதும் கடை வாசலிலேயே அந்த ரிவர்ஸ் சோதனையைச் செய்துவிடுங்கள், தரை வரை மிதித்து நான்கைந்து நொடி பொறுத்துப் போடுவது. புது செட் போட்ட வண்டியில் ரிவர்ஸ் அரைத்தால் ப்ளீடிங்கோ கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டோ சரியாகச் செய்யவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்பார்கள். உதறல் லேசாக இருந்தால் அது ஓட்ட ஓட்ட செட் ஆகலாம், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெல்ல ஓட்டுங்கள். ரிவர்ஸ் அரைப்பது செட் ஆகாது. காசு கொடுப்பதற்கு முன்பே இன்னொரு முறை ப்ளீட் பண்ணச் சொல்லுங்கள்.